எல்லோருக்கும் ஒரே கரண்டி

சமரச நடுநிலைப் பள்ளி
முத்தாபுதுப்பேட்டை, ஆவடி
13 ஜூன் 1988

மூன்றாம் வகுப்பு மாணவி ஞானகுமாரியின் தாயார் திருமதி சாராள் மனோகரன் அவர்களுக்கு,

வணக்கம். இப்பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இத்தகைய முடிவு ஒன்று எடுக்கப்பட்டதில்லை என்பதைப் பெருமிதத்தோடும் பொறுப்புணர்ச்சியோடும் தெரிவித்துக்கொள்கிறேன். வரும் திங்கட்கிழமை முதல் பள்ளியின் மதிய உணவுத் தட்டுகள் யாவும் விளிம்பு மடித்த எவர்சில்வர் தட்டுகளாகவே இருக்கும்.

இம்முடிவு எளிதில் எட்டப்பட்டதன்று. நிர்வாகக் குழு இதற்காக மூன்று முறை கூடியது. அலுமினியமே போதும் என்று ஒரு சாராரும், தையல் இலையே சிறந்தது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். விளிம்பு மடிக்காத தட்டு மலிவு என்று கூறிய செயலர் திரு. ராஜசேகரன், தம் கருத்து ஏற்கப்படாததால் வெளிநடப்புச் செய்தார். குடையை மறந்துவிட்டபடியால் திரும்பி வந்தார். வந்தவர் வாக்கெடுப்பிலும் கலந்துகொண்டார். ஜனநாயகத்தின் மாண்பை அன்று கண்ணாரக் கண்டோம்.

இதை ஒட்டிய சிறு மாற்றம் ஒன்றும் உண்டு. அன்று முதல் மாணவர் எவரும் வீட்டிலிருந்து சோற்றுப் பாத்திரம் கொண்டுவரக் கூடாது. பாத்திரத்தைத் திறந்தால் கருவாட்டு மணம் ஒரு வீட்டைச் சொல்கிறது, நெய் மணம் இன்னொரு வீட்டைச் சொல்கிறது. பிள்ளைகள் மணத்தைப் பார்த்து நண்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இனி ஒரே அண்டா, ஒரே கரண்டி, ஒரே பந்தி. நன்கொடைச் சங்கம் ஒன்று மாதந்தோறும் கோதுமை ரவை மூட்டைகள் தர இசைந்துள்ளது. எல்லோருக்கும் கோதுமை உப்புமா.

விதிவிலக்கு எவருக்கும் இல்லை என்பதே இத்திட்டத்தின் உயிர்.

தங்கள்,
ஆ. வீரராகவன்
தலைமையாசிரியர்


ஆவடி
15 ஜூன் 1988

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நேரில் வந்து சொல்ல வேண்டிய விஷயம் இது. நான் அம்பத்தூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் எனக்கு டூட்டி. என் கணவர் இன்னும் கான்பூர் தொழிற்சாலையில்தான் இருக்கிறார். போனில் பேசலாம் என்றால் பள்ளியில் போன் இல்லை. எனவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. பிடிக்காது என்று சொல்லவில்லை, உடம்பு ஏற்காது. கான்பூரில் இருந்தபோது அங்கு எல்லோரும் சாப்பிடுகிற சப்பாத்தியைத்தான் நாங்களும் கொடுத்தோம். நாலு வயதில் அவள் கை கால் குச்சியாகி வயிறு மட்டும் பானையாக இருந்தது. நடக்கத் தெரிந்த பிள்ளை நடப்பதை நிறுத்திவிட்டாள். பேதி நிற்கவே இல்லை. அங்கே ஒரு டாக்டர்தான் குடலைச் சோதித்து இது சீலியாக் என்றார். கோதுமை உள்ளே போனால் அவள் குடலே அதோடு சண்டை போட்டுத் தன்னைத் தானே அரித்துக்கொள்ளுமாம். மருந்து கிடையாது. ஆயுள் முழுக்கக் கோதுமை, மைதா, பார்லி எதுவும் கூடாது. நிறுத்தினோம். ஆறு மாதத்தில் என் இடுப்பிலிருந்து இறங்கி ஓடினாள்.

துளிகூட ஆகாது என்பதால் வீட்டில் ரொட்டி, பிஸ்கட், சேமியா எதுவும் வாங்குவதில்லை. கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ரசத்தில் அதையும் விட்டுவிட்டோம்.

ஆகவே தயவுசெய்து மூன்று அனுமதிகள் வேண்டும். அவள் வீட்டுச் சோற்றையே கொண்டுவர வேண்டும். அவளுக்குத் தனித் தட்டு வேண்டும். உப்புமாக் கரண்டி அவள் தட்டில் படக் கூடாது, அதனால் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும்.

டாக்டர் கொடுத்த சான்றின் நகலை இணைத்திருக்கிறேன். பிள்ளை எப்போதும்போல் விளையாடுகிறாள், படிக்கிறாள். பார்த்தால் நோயாளி என்று தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.

தங்கள் உண்மையுள்ள,
சாராள் மனோகரன்


22 ஜூன் 1988

திருமதி சாராள் மனோகரன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். பள்ளியில் தொலைபேசி இல்லை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நாங்கள் விண்ணப்பித்து ஏழாண்டுகள் ஆகின்றன. அதைப்பற்றித் தங்கள் இலாகா எங்களைவிட நன்கு அறியும்.

சான்றிதழையும் படித்தேன். அது ஆங்கிலத்தில் இருப்பதாலும் கான்பூரில் எழுதப்பட்டிருப்பதாலும் இரு வகையில் தொலைவானது. எனினும் அலட்சியம் செய்யாமல், நமது பள்ளியின் ஆலோசகரான டாக்டர் நாகப்பனிடம் காட்டினேன். இது வடநாட்டாருக்கு வருகிற நோய், தமிழர் குடலுக்கு வர வாய்ப்பில்லை என்கிறார். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அவர் எழுதித் தருவதே கோதுமைதான். காய்ச்சல் கண்டவருக்கு நாம் அரிசியை நிறுத்திவிட்டு ரொட்டி கொடுக்கிறோம். நோயாளியையே எழுப்பி உட்கார வைக்கும் தானியம், நோயில்லாத குழந்தையைப் படுக்க வைக்கும் என்பது தர்க்கத்துக்கு ஒத்து வரவில்லை.

தங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை வேறு சில சொற்கள். தனித் தட்டு. கரண்டி படக் கூடாது. தள்ளி உட்கார வேண்டும். அம்மையீர், இந்தச் சொற்களை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். இருபது மைல் சுற்றளவில் எந்த ஊர்த் தேநீர்க் கடையிலும் இன்றும் கேட்கலாம். இவற்றை ஒழிப்பதற்காகவே இப்பள்ளி கட்டப்பட்டது. சாதிப் பெருமை இப்போதெல்லாம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சில சமயம் மருத்துவச் சான்றிதழோடு வருகிறது. தங்கள் விஷயத்தில் அப்படி என்று நான் சொல்லவில்லை. தங்கள் குடும்பத்தின் பின்புலம் குறித்து ஓரிரு வரிகள் எழுதினால் குழுவுக்கு உதவியாக இருக்கும் என்று மட்டுமே சொல்கிறேன்.

இதற்கிடையில் திட்டம் திங்களன்று இனிதே தொடங்கியது. தங்கள் மகள் மட்டும் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக வகுப்பாசிரியை பார்வதம் டீச்சர் தெரிவித்தார்.

ஆ. வீரராகவன்


25 ஜூன் 1988

ஐயா,

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தேன். நீங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர் கலியமூர்த்தியிடம் பேசினேன். அவர் சிரித்துவிட்டு, “இன்னாம்மா, உப்புமா துன்னா செத்தா பூடுவாங்க? நாங்கல்லாம் துன்னுகினுதான கீறோம்?” என்றார். நல்ல மனிதர்தான். பாப்பாவுக்கு முந்திரி போட்டு முதலில் எடுத்து வைக்கிறேன் என்று வேறு சொன்னார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பின்புலம் கேட்டிருந்தீர்கள். எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதுகிறேன்.

என் அப்பா அருள்தாஸ் செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். எங்கள் தெருவுக்கு ஊரில் காலனி என்று பெயர். ஊர்த் தேநீர்க் கடையில் அவருக்குக் கொட்டாங்கச்சியில்தான் டீ ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார், சுடு டீ விரலில் தெறிக்கும். கோயிலிலும் எங்களுக்குத் தனி வரிசைதான், மாதா கோயிலைத்தான் சொல்கிறேன். தனித் தட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட நானே என் பிள்ளைக்குத் தனித் தட்டு கேட்கிறேன் என்றால் அதற்கு எவ்வளவு பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு மற்றப் பிள்ளைகளின் கை மேல் அருவருப்பு இல்லை. கரண்டியில் ஒட்டியிருக்கிற ரவை மேல்தான் பயம்.

அவள் தினமும் பட்டினியாக வீட்டுக்கு வருகிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மதியச் சோறு சாப்பிடுகிறாள். அனுமதி கொடுங்கள் ஐயா.

சாராள்


30 ஜூன் 1988

பெருமதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்து என் கண்கள் பனித்தன. அதை நிர்வாகக் குழுவில் உரக்க வாசித்தேன். கொட்டாங்கச்சி பற்றிய பகுதியை உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இரண்டாம் முறையும் வாசித்தேன். திரு. ராஜசேகரன் எழுந்து நின்றார். தங்கள் தந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் ஒன்று ஒருமனதாக நிறைவேறியது. என் முந்தைய கடிதத்தின் தொனிக்காக நான் தனிப்பட்ட முறையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால், சகோதரி, தாங்கள் உண்மையைச் சொன்னதால் நிலைமை முன்னிலும் சிக்கலாகிவிட்டது. தாங்கள் உயர்ந்த சாதியினர் என்று எண்ணியிருந்தபோது, தங்கள் மகளைத் தனியே உட்கார வைப்பது ஒரு குடும்பத்தின் கர்வத்துக்கு இடம் கொடுப்பதாக மட்டுமே இருந்திருக்கும். இப்போதோ, காலனியிலிருந்து வந்த குடும்பத்துக் குழந்தையைச் சமரசப் பள்ளி தனித் தட்டில், தள்ளி உட்கார வைத்திருக்கிறது என்றாகும். சாலையில் போகிறவர் ஒருவர் ஜன்னல் வழியே பார்த்தால் என்ன நினைப்பார்? குடலைப் பற்றியா நினைப்பார்? நாளைக்கு இது பத்திரிகையில் வந்தால், இருபதாண்டு உழைப்பு ஒரு புகைப்படத்தில் போய்விடும்.

எனவே குழு இவ்வாறு முடிவு செய்துள்ளது. தங்கள் மகள் இனி முதல் பந்தியில், முதல் வரிசையில், நடு இடத்தில் அமர்வாள். முதல் கரண்டி அவளுக்கே. இது ஒரு கௌரவம். அவள் முழுவதும் உண்ண வேண்டும் என்று எவரும் வற்புறுத்த மாட்டார்கள். அடையாளமாக ஒரு வாய் போதும்.

ஒரு வாயால் யாருக்கும் எதுவும் நேர்ந்ததில்லை.

தங்கள் சகோதரன்,
ஆ. வீரராகவன்


2 ஜூலை 1988

ஐயா,

என் அப்பாவைப் பற்றி உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். போகட்டும்.

ஒரு வாயும் ஆகாது. இதற்கு மேல் வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

டி.சி. கொடுத்துவிடுங்கள். வேறு பள்ளி பார்த்துக்கொள்கிறேன். அது வரைக்கும் பிள்ளை வீட்டில் இருப்பாள். என் தம்பி ஜேம்ஸுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், பகலில் அவன் பார்த்துக்கொள்வான்.

சாராள்


9 ஜூலை 1988

சகோதரி அவர்களுக்கு,

மாற்றுச் சான்றிதழ் கேட்டிருந்தீர்கள். கல்வியாண்டு தொடங்கிய பிறகு தருவதானால் அதில் காரணம் எழுத வேண்டும். ‘சமபந்தியில் அமர மறுத்தார்’ என்று எழுதினால் எந்தப் பள்ளியும் குழந்தையைச் சேர்க்காது. வேறு காரணம் எழுதினால் பொய். நான் முப்பதாண்டுகளாகப் பொய் எழுதியதில்லை. விசாரித்த வரையில் அருகிலுள்ள பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில் இடமும் இல்லை.

ஆகையால் பார்வதம் டீச்சர் ஓர் அருமையான யோசனை சொன்னார். தாங்கள் சோற்றுப் பாத்திரத்தைக் காலையில் பின்கதவு வழியே கலியமூர்த்தியிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் சமையலறைக்குள் வைத்து அந்தச் சோற்றைப் பள்ளித் தட்டில் மாற்றுவார். குழந்தை மற்றவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே தட்டில் உண்பாள். தட்டு விளிம்பு மடித்ததாகையால் உள்ளே இருப்பது உப்புமாவா சோறா என்று எட்ட நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. எந்தத் தட்டை வாங்குவது என்ற விவாதத்தில் நான் காட்டிய பிடிவாதம் எவ்வளவு தீர்க்கதரிசனமானது என்பதைத் திரு. ராஜசேகரனும் ஒப்புக்கொண்டார்.

சமத்துவமும் காப்பாற்றப்பட்டது, தங்கள் மகளும் காப்பாற்றப்பட்டாள். திங்களன்று அனுப்பிவையுங்கள்.

ஆ. வீரராகவன்


6 ஆகஸ்ட் 1988

ஐயா அவர்களுக்கு,

நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஞானகுமாரி சந்தோஷமாகப் பள்ளிக்கு வருகிறாள். முன்பெல்லாம் சோறு மிச்சம் இருக்கும், இப்போது பாத்திரம் காலியாகத் திரும்புகிறது. காலையில் கலியமூர்த்தியிடம் பாத்திரத்தைக் கொடுக்கும்போது, “நீ தகிரியமா டூட்டிக்குப் போம்மா, நம்ம பாப்பாதான், நான் பாத்துக்கறேன்” என்கிறார். அவர் கையில் கோதுமை ரவை ஒட்டியிருக்கும். கழுவிவிட்டுத் தொடுங்கள் அண்ணா என்று தினமும் சொல்கிறேன். தினமும் சிரிக்கிறார்.

கூடப் படிக்கிற பிள்ளைகள் முன்பு, “இன்னாடி, நாங்க துன்றது உனுக்கு ஆவாதா? பெரிய எடத்துப் பொண்ணா நீ?” என்று கேலி செய்வார்களாம். இப்போது செய்வதில்லையாம். ஏன் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறாள்.

ஒரு சந்தேகம். போன வாரம் இரண்டு தடவை வயிறு வலிக்கிறது என்றாள். சமையலறையில் ஏதாவது கலந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வீர்களா?

சாராள்


19 செப்டம்பர் 1988

ஐயா,

ஆகஸ்டில் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. காலாண்டுப் பரீட்சை வேலை இருக்கும், தெரிகிறது.

பிள்ளைக்கு முடி கொட்டுகிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக வருகிறது. பாவாடை நாடாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினால் வயிற்றில் வலிக்கிறது என்கிறாள், ஆனால் கைவளையல் முழங்கை வரை ஏறிப் போகிறது. இது எனக்குத் தெரிந்த உடம்பு. நாலு வயதில் பார்த்த உடம்பு.

அவளை உட்கார வைத்துக் கேட்டேன். பள்ளியில் வேறு ஏதாவது சாப்பிட்டாயா என்று. இல்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள். அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. பார்வதம் டீச்சரைக் கேட்டேன், “ஒண்ணும் இல்லைம்மா, வளர்ற பிள்ளை, இளைக்கத்தான் செய்வா. நாங்களும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்” என்றார்.

எப்படிக் கவனிக்கிறார்கள் என்று தயவுசெய்து கேட்டு எழுதுங்கள்.

சாராள்


மருத்துவமனையிலிருந்து
3 அக்டோபர் 1988

ஐயா,

இதைக் கொண்டுவருகிறவன் என் தம்பி ஜேம்ஸ். பதிலை அவன் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.

ஞானகுமாரியை வெள்ளிக்கிழமை இங்கே சேர்த்தோம். பேதி நிற்கவில்லை. உடம்பில் நீர் இல்லை, உப்புச் சத்து இல்லை என்கிறார்கள். கழுத்தைத் தூக்க முடியவில்லை. இங்கே அமீபா என்று நினைத்து மருந்து கொடுக்கிறார்கள். நான் சீலியாக் என்று சொன்னேன். டாக்டர், “கோதுமையே குடுக்கலேன்னு நீங்கதானேம்மா சொல்றீங்க? அப்ப அது எப்படி?” என்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். காலையில் வார்டுக்கு வண்டியில் ரொட்டியும் பாலும் வருகிறது. தட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் எடுத்துத் தலையணைக்குக் கீழே ஒளிக்கிறேன்.

அவள் பென்சில் டப்பாவைத் திறந்தபோது துணியில் தைத்த ஒரு பேட்ஜ் இருந்தது. ‘சமபந்தி மாணவி’ என்று எழுதியிருக்கிறது. எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்கிறாள்.

டாக்டருக்கு இன்று தெரிந்தாக வேண்டும். அவள் பள்ளியில் கோதுமை சாப்பிட்டாளா, எப்போதிலிருந்து? தெரிந்தால் வேறு மருந்து கொடுக்கலாம் என்கிறார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

சாராள்


5 அக்டோபர் 1988

ஐயா,

குழு கூடிய பிறகுதான் பதில் தர முடியும் என்று ஜேம்ஸைத் திருப்பி அனுப்பினீர்களாம். கலியமூர்த்தி அவனைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்விட்டாராம். பார்வதம் டீச்சர், “சார் சொல்லாம நான் எப்படிப்பா சொல்றது?” என்றாராம்.

நாலு நாள் பள்ளிக்குப் போகாததால் பேட்ஜை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களா என்று கேட்கிறாள். மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சொல், ஐயா.

சாராள்


8 அக்டோபர் 1988

சகோதரி அவர்களுக்கு,

தங்கள் இரு கடிதங்களும் நேற்று மாலை கூடிய குழுவின் முன் வைக்கப்பட்டன. பள்ளி சார்பில் எழுத்து மூலம் தரப்படும் எதுவும் ஆவணம் ஆகும் என்பதால் சற்று நிதானமாகச் செயல்பட வேண்டியிருந்தது. இனி மறைப்பதற்கு ஏதுமில்லை. மாறாக, தாங்கள் மகிழ வேண்டிய செய்தி.

ஜூலை மூன்றாம் வாரம் முதல் தங்கள் மகள் மற்றப் பிள்ளைகளோடு உப்புமா உண்டு வருகிறாள். எவரும் கட்டாயப்படுத்தவில்லை. தட்டில் சோறு இருப்பதைப் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கேலி செய்தார்களாம். மறுநாள் அவளே தட்டை நீட்டி, “அண்ணாத்தே, எனுக்கும் அதே போடு” என்றாளாம். கலியமூர்த்தி, “அம்மா திட்டும் பாப்பா” என்று தயங்கியிருக்கிறார். அவள், “அம்மாகிட்ட சொல்லாதே, நான் பெரிய பொண்ணாயிட்டேன்னு அப்பறமா சொல்லிக்கலாம்” என்றாளாம். எட்டு வயதில் இத்தகைய சமத்துவ உணர்வைக் கண்டு பார்வதம் டீச்சர் நெகிழ்ந்துபோய், மிச்சம் வைக்காமல் உண்பவருக்கு வாரந்தோறும் பேட்ஜ் என்ற திட்டத்தையே இதை முன்னிட்டுத் தொடங்கினார். தங்கள் மகள் ஒரு வாரம்கூட அதை இழக்கவில்லை. வீட்டுச் சோறு வீணாகாமல் காவலாளியின் பிள்ளைகளுக்குப் போயிற்று.

செப்டம்பரில் அவள் வாடியிருப்பதைக் கண்டதும் நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. டாக்டர் நாகப்பனின் ஆலோசனைப்படி தினமும் பதினொரு மணிக்கு ஒரு பன்னும், பார்லி மால்ட் கலந்த பாலும் அலுவலக அறையில் வைத்து என் மேற்பார்வையிலேயே கொடுக்கப்பட்டன. அதற்கான செலவைத் திரு. ராஜசேகரன் ஏற்றார். குழந்தை விரும்பி உண்டாள்.

தாங்கள் அறிவார்ந்த பெண்மணி. ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். கோதுமை உண்மையிலேயே விஷமாக இருந்தால் ஜூலையிலேயே அல்லவா அவள் படுத்திருக்க வேண்டும்? இரண்டரை மாதம் உண்டும் அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. நோய் வந்ததோ செப்டம்பர் இறுதியில். ஆகவே இப்போதைய உபாதைக்குக் காரணம் வேறு என்பது தெளிவு. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் நன்கொடைச் சங்கத்தாரின் ஆண்டு விழா. மேடையில் மாலையிடத் தங்கள் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதற்குள் தேறி வரட்டும்.

ஆ. வீரராகவன்


10 அக்டோபர் 1988

ஐயா,

உங்கள் கடிதம் சனிக்கிழமை மாலை வந்தது. டாக்டரிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் அப்பா கான்பூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். அடக்கம் நாளை, பட்டாபிராமில். பள்ளியிலிருந்து யாரும் வர வேண்டாம்.

சாராள்


24 அக்டோபர் 1988

சகோதரி அவர்களுக்கு,

தங்கள் துயரில் பள்ளி முழுவதும் பங்கு கொள்கிறது. யாரும் வர வேண்டாம் என்று எழுதியிருந்ததைத் துக்கத்தின் மிகுதியால் எழுதியதாகக் கொண்டு, மூன்றாம் வகுப்பு முழுவதையும் அழைத்து வந்தோம். கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகள் எந்தப் பாகுபாடும் இன்றி ஒரே வரிசையில் நின்றதைத் தாங்களும் கவனித்திருப்பீர்கள். தங்கள் கணவர் என்னிடம் பேசியது அவருடைய நிலையில் இயல்பே. அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

நிர்வாகக் குழு இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. தங்கள் மகளின் பெயரால் ஆண்டுதோறும் சிறந்த சமபந்தி மாணவருக்குக் கேடயம் வழங்கத் தீர்மானித்துள்ளோம். கேடயத்தின் வடிவம் பற்றி இன்னும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. கலியமூர்த்தி வேலையை விட்டு நின்றுவிட்டார். மாற்றாள் கிடைத்துவிட்டார். தங்கள் சோற்றுப் பாத்திரம் சமையலறையில் இருந்தது. இதைக் கொண்டுவருபவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

தாங்கள் முன்பு கேட்டிருந்த தனித் தட்டு அனுமதி பற்றிய கோப்பு இத்துடன் முடிக்கப்படுகிறது.

பிற செய்திகளைப் பொறுத்தவரை: மரணம் நேர்ந்த பள்ளியில் தம் பெயர் பொறித்த மூட்டைகள் இருப்பது உசிதமன்று என்று நன்கொடைச் சங்கத்தார் கருதி, கோதுமை ரவையை வேப்பம்பட்டில் உள்ள வேறொரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் இங்கே எல்லோருக்கும் அரிசிச் சோறு போடப்படுகிறது.

ஆ. வீரராகவன்
தலைமையாசிரியர்